ஏசுவடியான் ஊசியைத் தூக்கிய நாள்

சங்கரன்கோவிலில் ஏசுவடியானைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவனோடு ஒரு தடவையாவது சண்டை போட்டவர்கள். அவன் செய்த தொழில் கல்யாண வீடுகளுக்கு ரேடியோ கட்டுவது. ரேடியோ என்று நாங்கள் சொல்வோமே தவிர, அது இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ரிக்கார்டு சுற்றும் பெட்டியும்தான். வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிட்டு அவன் பாட்டுப் போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். கேட்டவர்கள் யாராவது, "நல்லாப் பாடுதாருல்லா அந்த ஆக்டர்!" என்று சொல்லிவிட்டால் போச்சு. ஏசுவடியான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்துகூட எச்சில் கையோடு எழுந்து வந்துவிடுவான்.

"பாடுனது கிடக்கட்டும், பாட்டுக்கு மெட்டுப் போட்டது யாருவே? அதைச் சொல்லும்!"

மெட்டுப் போட்டவர் காளத்திநாதன். அவனுடைய தெய்வம். தெய்வம் என்று அவன் காது கேட்கச் சொல்லக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேதக் கோவிலுக்குப் போகிறவன். பதின்மூன்று வயதில் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியப் பெட்டி தூக்கியதில் தொடங்கி, பேசும்படம் வந்ததும் பட்டணம் போய், இருபத்தோரு வருடத்தில் நாற்பது படத்துக்கு மேல் இசை அமைத்தவர் காளத்திநாதன். அவர் வாங்கிய பட்டங்களையும் பதக்கங்களையும் ஏசுவடியான் ஒரு நாற்பது பக்க நோட்டில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தான். ஒன்று, ஜமீன் கொடுத்த வெள்ளிக் கிண்ணம். நான்கு, கொழும்பு ரசிகர்கள் போர்த்திய சால்வை. பன்னிரண்டு, மதுரையில் தங்கப் பதக்கம். பெற்ற பிள்ளை பாஸான மாதிரி அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் படித்துக் காட்டுவான். என் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் பஞ்சரோடே தள்ளிக்கொண்டு போனதும் உண்டு.

எனக்கு அவனோடு எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்பீர்கள். எனக்குப் பாட்டில் காதே கிடையாது. தாலாட்டும் ஒப்பாரியும் எனக்கு ஒன்றுதான். அவன் பேசும்போது நான் சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் உருண்டைகளுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை காளத்திநாதனுக்கு விரல் இடுக்கில் புண், ஆர்மோனியம் வாசிக்க முடியவில்லை என்று ஏதோ சினிமாப் பத்திரிகையில் போட்டிருந்தது. ஏசுவடியான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் கடை வாசலில் வந்து நின்று, தலையைச் சொறிந்தான்.

"வே கோமதிநாயகம், உங்க அம்மன் கோவில்ல புத்துமண்ணு கொடுப்பாங்கள்ளா? அது புண்ணுக்குக் கேக்குமாமே?"

"உங்க பாதிரியாருக்குத் தெரிஞ்சா?"

"நானா பூசப் போறேன்? அய்யாதான பூசப் போறாரு!"

நான் போய் வாங்கி வந்தேன். அவன் தெற்கு ரத வீதியிலேயே நின்றுகொண்டான். பார்சல் பட்டணம் போயிற்று. ஒரு மாதம் கழித்து, 'மண் கிடைத்தது. நன்றி' என்று ஒரு கார்டு வந்தது. அந்த மூன்று சொல்லைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டான்.

இத்தனையும் யாருக்கும் கெடுதல் இல்லாத கிறுக்கு. இனிச் சொல்லப்போகிற இரண்டும் அப்படியல்ல.

ரிக்கார்டுகளில் பாடியவர் பெயரைப் போடுகிறார்கள், மெட்டுப் போட்டவர் பெயரைப் போடுவதில்லை என்று அவனுக்குத் தீராத ஆத்திரம். அச்சாபீசில் வட்டமாகச் சீட்டு அடித்தான். 'இசை: காளத்திநாதன்' என்று கொட்டை எழுத்தில். அதைப் பசை தடவி ஒவ்வொரு ரிக்கார்டின் நடுவிலும், முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும் ஒட்டினான். அடியில் இருந்த பாட்டின் பெயர், படத்தின் பெயர் எல்லாம் மறைந்துபோயின. "எந்தப் பாட்டுன்னு எப்படிடே கண்டுபிடிப்பே?" என்றால், "ரிக்கார்டுல சுத்தி ஓடுத வரியைப் பாத்தாலே தெரியும்" என்பான். அவனுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, காளத்திநாதன் பாட்டு ஓடும்போது ஊசியைத் தூக்க மாட்டான். இளையரசனேந்தலில் நிலபுலன் உள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டுக் கல்யாணம். தாலி கட்டப் போகிற நேரம், பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். "ஒரே ஒரு சரணம் பாக்கி" என்று இவனும் கையைக் காட்டினான். கெட்டிமேளம் ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். தாலி கட்டி முடிந்ததும் குழாயை அவிழ்த்து இவன் தலையில் வைத்து அனுப்பினார்கள். நடந்தே வந்தான். செய்தி அவனுக்கு முன்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டது. தாலியைவிட ரிக்கார்டு பெரிது என்று நினைப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முப்பத்துநான்கு வயது வரை கொடுக்கவில்லை.

போதாக்குறைக்குப் பெண் பார்க்கப் போன இடமெல்லாம் ஒரு பாட்டைச் சொல்லி, மெட்டு யாருடையது என்று கேட்டான். இரண்டு பெண்கள் நடிகர் பெயரைச் சொன்னார்கள். நானும் அவனும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு வந்துவிட்டோம். மூன்றாவது, புளியங்குடி எலுமிச்சை வியாபாரி பெத்துராஜ் மகள் ஞானசெல்வி. அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"காளத்திநாதன். ஆனா ரெண்டாவது சரணத்துல வயலின் கொஞ்சம் கூடிப்போச்சு."

நான் செருப்பைத் தேடினேன். பஸ்ஸில் அவன் அந்த ரெண்டாவது சரணத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தான். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போகவேண்டிய வேலையைக்கூட மறந்துவிட்டான். மறுநாள் காலையில் கடைக்கு வந்து சொன்னான்:

"கொறை சொல்லணும்னா முழுசாக் கேட்டிருக்கணும்லாவே. இந்தப் பிள்ளை இல்லன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்."

பெத்துராஜ் ஞானஸ்நானம் பெற்றவர்தான் என்றாலும் பல்லி சொன்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இளையரசனேந்தல் கதையும் அவர் காதுக்குப் போயிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரேடியோவுல ஒரு கொழப்பமும் வரப்பிடாது. வந்துச்சுன்னா, தாலி ஏறுததுக்கு முன்ன எம்மவளைக் கூட்டிட்டுப் போயிருவேன்." ஏசுவடியான் பைபிளைத் தொட்டுச் சரி என்றான்.

கல்யாணம் எங்கள் ஊரில். மாப்பிள்ளையே ரேடியோ போட முடியுமா? வேறு செட்டுக்காரனைக் கூப்பிட்டால் காளத்திநாதன் பாட்டுக்கு நடுவே மற்றவர் பாட்டைச் சொருகிவிடுவான் என்று இவனுக்குப் பயம். கடைசியில் என்னைப் பிடித்தான்.

"நீருதான் சரியான ஆளு. உமக்கு ஒரு பாட்டும் தெரியாது."

பெருமையாகத்தான் இருந்தது. பொண்ணு காரிலிருந்து இறங்கும்போது போடவேண்டிய வரவேற்புப் பாட்டை அவனே பெட்டிமேல் எடுத்து வைத்தான். "இப்படியே தூக்கி இப்படியே வையும். ஊசியைப் போட்ட பிறகு, லோகமே இடிஞ்சு விழுந்தாலும் தூக்கப்பிடாது." நான் தலையாட்டினேன்.

கார் தெருமுனையில் திரும்பியது. ரிக்கார்டில் லேசாகத் தூசி தெரிந்தது. சைக்கிள் கடைக்காரன் கை சும்மா இருக்குமா? வேட்டி நுனியால் முன்பக்கம் துடைத்தேன், திருப்பிப் பின்பக்கமும் துடைத்தேன், வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே சீட்டு. ஊசியைப் போட்டேன்.

மறுபக்கத்தில் இருந்தது, மகனைப் பறிகொடுத்த தாய் பாடுகிற ஒப்பாரி. மதுரையில் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த பாட்டு அதுதான்.

எனக்கென்ன தெரியும்? நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். காரிலிருந்து முதலில் இறங்கிய ஞானசெல்வியின் சித்தி அப்படியே நின்றாள். போன வருடம் பிள்ளையைக் காய்ச்சலில் கொடுத்தவள். முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்றப் போனவள் அழுதாள். எங்கள் பக்கத்துப் பெண்களும் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"நிறுத்துவே! யாருவே அது, நிறுத்து!" என்று பெத்துராஜ் கத்தினார். நான் சொன்ன சொல் தவறாதவன். தூக்கப்பிடாது என்றானே!

அப்போது பந்தலுக்குள்ளிருந்து ஏசுவடியான் ஓடி வந்தான். கோட்டும் மாலையுமாக, ஒரு காலில் மட்டும் பூட்ஸ். என்னைத் தள்ளிவிட்டு, சரணம் பாதியில் இருக்கும்போது ஊசியைப் பிடுங்கினான். கர்ரென்று குழாய் இரண்டும் கத்தின. ரிக்கார்டில் குறுக்கே நீளமாக ஒரு கீறல் விழுந்தது. அவன் ரிக்கார்டைப் பார்க்கவேயில்லை, காரைப் பார்த்தான்.

"ஏறுட்டி கார்ல. சகுனமே சொல்லிட்டுல்லா" என்றார் பெத்துராஜ்.

ஞானசெல்வி ஏறவில்லை.

"அப்பா, இளையரசனேந்தல்ல தாலிக்கே நிறுத்தாதவரு, எனக்காவ நிறுத்திட்டாரு. இதைவிட நல்ல சகுனம் வேற என்ன வேணும்?"

அவள் சித்தியின் தோளைப் பிடித்தாள். "சித்தி, போவமா?"

சித்தி மூக்கைச் சிந்தினாள். "போவோம்ட்டி. ஆனா பாதியில நிறுத்திட்டானே பாவி, மிச்சத்தையும் கேட்டிருப்பேன்."

யாரோ சிரித்தார்கள். பெத்துராஜுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பதினோரு மணிக்குக் கோவிலில் தாலி ஏறியது. அன்று முழுக்க என்னை ரேடியோ பக்கமே விடவில்லை.

அடுத்த வாரம் போனபோது ஞானசெல்வி ஈரத் துணி வைத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். ஏசுவடியான் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டின் பெயருக்குக் கீழே மெட்டுப் போட்டவர் பெயரைப் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டு திறந்து கிடந்தது. பன்னிரண்டாம் விருதுக்குக் கீழே அவள் கையெழுத்தில் இருந்ததைப் படித்தேன்:

'பதின்மூன்று. சங்கரன்கோவில். கல்யாண வீட்டில் நாற்பது பேர் அழுதார்கள். சித்திக்கு ஒரு வருடம் கழித்து அழுகை வந்தது. பதக்கம் இல்லை. ரிக்கார்டில் ஒரு கீறல்.'