டேங்க் கார்டில் என் கையெழுத்து

கேட்டுக்கு உள்ளே

லேயர் பண்ணையில், அதாவது முட்டைக்கோழிப் பண்ணையில், சூபர்வைசராக இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் செய்த தப்புகளில் பெரியது ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். சின்னத் தப்புகளையும் எழுதப் புகுந்தால் இந்த நோட்டு போதாது.

நான் கெங்கவல்லிப் பக்கத்துக்காரன். பண்ணை நாமகிரிப்பேட்டையைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருந்தது. மனைவி இறந்து, பையன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, பண்ணைக்குள் இருந்த ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டேன். நாற்பது பேர் வேலை செய்த இடத்தில் கிறிஸ்தவன் நான் ஒருவன்தான். அதற்காக யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாரியம்மன் பண்டிகைக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுப்பார்கள். கூப்பிட்டால் போவேன், பூஜை நடக்கும்போது தள்ளி நிற்பேன். எல்லாவற்றிலும் தள்ளி நிற்பது நாளாவட்டத்தில் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கோடையில் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் பரவியது. தொழிலில் இதை ராணிக்கெட் என்பார்கள், சுருக்கமாக ஆர்.டி. நோய் பக்கத்தில் வந்தால் முதலில் பூட்டப்படுவது கேட்தான். தினக்கூலிக்கு வருகிறவர்கள் கேட்டிலேயே குளித்து, பண்ணைத் துணி மாற்றிக்கொண்டு உள்ளே வர வேண்டும். கோழிகள் இருக்கும் எல்லா செட்டுக்கும் போய்வருகிற சூபர்வைசர் வெளியே போகவே கூடாது. மூன்று மாதம் நான் சபைக்குப் போகவில்லை. கோழிகளோடுதான் பேச்சு. அவை பதில் பேசும், ஆனால் நாம் கேட்டதற்கு இல்லை.

ஞாயிறு மதியம் ராசிபுரத்திலிருந்து பாஸ்டர் பைக்கில் வருவார். அவர் கேட்டுக்கு வெளியே, நான் உள்ளே, நடுவில் வண்டிச் சக்கரம் நனைவதற்காக மருந்துத் தண்ணீர் நிரப்பிய பள்ளம். அங்கிருந்தே கையை நீட்டி ஜெபம் பண்ணுவார். ஐந்து நிமிஷத்தில் திரும்பிவிடுவார். பைக் சத்தம் ஓய்கிற வரைக்கும் நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு வாரம் அவர், "பிரதர், சாலமன் பிரதர் சாட்சியக் கேட்டு நாளாச்சேன்னு சபையில எல்லாரும் கேக்கறாங்க. வாட்ஸப் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்களேன். பயமில்லாம வாழறதப் பத்திப் பேசுங்க" என்றார்.

ஆண்டவர் நமக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்வதைச் சாட்சி என்போம்; அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மைக் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். அதனால் கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது.

பயமில்லாத மனிதன்

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த வாய்ஸ் மெசேஜைப் பேசினேன். வளரும் குஞ்சுகள் இருக்கும் நான்காம் நம்பர் குரோயர் செட்டின் தண்ணீர் டேங்க் மேடையில், ஒரு கையில் போனோடு நின்றுகொண்டு பேசினேன். கர்த்தரை நம்புகிறவன் முதலாளிக்கும் பயப்பட மாட்டான், நோய்க்கும் பயப்பட மாட்டான் என்று பேச்சு தன்பாட்டுக்கு ஓடியது. மறு கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. போர்வெல் தண்ணீர் அந்தக் கோடையில் மோசமாக இருந்ததால் தினமும் சாயங்காலம் டேங்கில் பிளீச்சிங் பவுடர் கலக்குவோம். கலக்கியவர் டேங்கில் தொங்கும் கார்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கலக்கினேன், கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் காலை அந்த செட்டில் பதினெட்டாயிரம் குஞ்சுகளுக்கு ஆர்.டி.க்கான லசோட்டா வேக்சின் கொடுக்க வேண்டியிருந்தது. இது குடிதண்ணீரில் கலந்து கொடுக்கிற உயிருள்ள மருந்து. சூடு பட்டாலும் பிளீச்சிங் பட்டாலும் செத்துப்போகும். அதனால் இரண்டு நாள் முன்பே பிளீச்சிங்கை நிறுத்திவிட வேண்டும். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

காலையில் எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. வாசனை தெரியவில்லை. ஐஸ் பாக்ஸில் வந்த வேக்சினை எடுத்து, வழக்கம்போல் பால் பவுடர் போட்டுக் கலக்கி டேங்கில் ஊற்றினோம். இரண்டு மணி நேரம் தாகத்தில் விட்டிருந்த குஞ்சுகள் அடித்துப்பிடித்துக் குடித்தன. எல்லாம் முடிந்து பதினோரு மணிக்கு மேடையைக் கழுவும்போதுதான் கார்டு கண்ணில் பட்டது. நேற்றைய தேதி, என் கையெழுத்து.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கார்டைக் கழற்றி, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன வேதப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன். புதுக் கார்டு ஒன்றை மாட்டினேன். பால் பவுடர் கொஞ்சம் பிளீச்சிங்கை முறித்துவிடும் என்பது உண்மைதான். கொஞ்சம்தான் முறிக்கும், நான் போட்டிருந்ததோ முழு அளவு. அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அன்று மத்தியானம் போனைப் பார்த்தால் குரூப்பில் முப்பது நாற்பது ஆமென். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நான் சொன்ன பொய்

இரண்டு வாரம் கழித்துக் குஞ்சுகளின் ரத்தத்தை லேபுக்கு அனுப்பினோம். வேக்சின் பிடித்து எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கிறதா என்று அதில் தெரியும், அந்த அளவைத்தான் டைட்டர் என்பார்கள். அந்த இரண்டு வாரமும் நான் பண்ணிய ஜெபம் ஒன்றுதான். ஆண்டவரே, ரிசல்ட் நன்றாக வர வேண்டும். அதாவது, நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாத மாதிரி வர வேண்டும்.

வரவில்லை. முதலாளி போன் பண்ணினார். எழுபது வயதுக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"ஏனுங்க சாலமன், நாலாம் நம்பர்ல டைட்டரே ஏறலீன்னு டாக்டர் சொல்றாரு. ஐஸ் சரியா இருந்துச்சுங்களா அன்னிக்கி?"

சட்டைப்பையில் இருந்த வேதப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்: "கொஞ்சம் கரைஞ்ச மாதிரிதான் இருந்துச்சுங்கய்யா."

மெயின் ரோட்டில் மருந்துக்கடை வேன் இறக்கிவிடும் ஐஸ் பாக்ஸைப் பண்ணைக்குக் கொண்டுவருவது பாப்பாத்தியின் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செட்டில் தீனி போடுகிறவர். புருஷன் இல்லை, படிக்கிற பெண் ஒன்று உண்டு. முதலாளி அவரைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் போய் விழுகிற இடம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை பாப்பாத்தியை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது என் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் போனார்.

"மொபெட்ட எங்கீமே நிறுத்தலீங்க சார். டீ குடிக்கக்கூட நிறுத்தலீங்க. ஐஸ் கல்லாட்டம் இருந்துச்சு. நீங்கதான தொறந்து பாத்தீங்க?" என்றார்.

"பார்த்தேன்" என்றேன்.  அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு மதியம் பாஸ்டர் வந்தார். இவரிடம் சொல்லிவிடலாம் என்று கேட்டுக்கு முன்னாலேயே போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"பிரதர், உங்க மெசேஜ் எவ்ளோ ஆசீர்வாதமா இருந்துச்சு தெரியுமா? ஆபரேஷனுக்குப் பயந்துகிட்டிருந்த சிஸ்டர் ஒருத்தங்க, அதத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டுத் தைரியமாப் போயிருக்காங்க."

"அப்படிங்களா" என்றேன். ஜெபம் பண்ணினார், போய்விட்டார். அந்த மாதிரித் தனிமையை அதற்கு முன்பும் பின்பும் நான் அனுபவித்ததில்லை. மனைவி போன நாளில்கூட அழுவதற்குத் தோள் இருந்தது. இப்போது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்தது வேறு யாரோ ஒரு சாலமனை.

அறைக்கு வந்து முட்டி போட்டேன். வழக்கமான வார்த்தைகள் வரவில்லை. தைரியம் தா என்று வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் அடுத்தவர்களுக்கு எதிராகக் கேட்டது: கேலி பண்ணுகிறவர்களுக்கு எதிராக, அதட்டுகிறவர்களுக்கு எதிராக. அன்று மத்தியானம்தான் எனக்கு வேறொன்று உறைத்தது. என் பாவங்களை மன்னித்துவிட்டார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன். மேலே இருக்கிறவருக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் என்னைத் தள்ளவில்லை என்று நம்புகிறேன். அப்படியானால் ஒரு கோழிப்பண்ணை முதலாளிக்குத் தெரிவதில் எனக்கு என்ன வந்தது? ஒன்று நான் அதை நம்ப வேண்டும், இல்லையென்றால் சாட்சி சொல்வதை விட்டுவிட வேண்டும். வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை. எழுந்து முகம் கழுவிக்கொண்டேன்.

முதலாளி வீட்டு வாசலில்

முதலாளி வீடு பண்ணையை ஒட்டி, வேலிக்கு அந்தப்புறம். கேட்டைத் தாண்டினால் மூன்று நாள் செட்டுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். தாண்டினேன். பயமாக இருந்தது உண்மை. விசுவாசி பயப்பட மாட்டான் என்று நான்தான் பேசியிருந்தேன். அதைக் கேட்டு நம்பியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஐயா, ஐஸ் நல்லாத்தான் இருந்துச்சு. மொத நாள் சாயங்காலம் டேங்க்ல பிளீச்சிங் போட்டவன் நான். மறுநாளே தெரிஞ்சும் மறைச்சேன். ஐஸ் கரைஞ்சிருந்துச்சுன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லைங்கய்யா."

முதலாளி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வாரமுங்களா?" என்றார்.

"ஆமாங்கய்யா."

"பக்கத்துப் பண்ணையில நோவு வந்து கெடக்குது. ரெண்டு வாரம் நம்ம குஞ்சுக சும்மா நின்னிருக்குது. சொல்லியிருந்தா அன்னைக்கே மறுபடியும் போட்டிருக்கலாமுங்களே."

 அவர் உள்ளே போய் டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார். கோபத்தில் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"பாப்பாத்தி ஊட்டுக்கு ஆள் அனுப்பறேனுங்க. நீங்களும் போயி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. நீங்க வந்து சொன்னது நல்லதுங்க. ஆனா இனிமேட்டு வேக்சினும் டேங்கும் உங்க கையில வேண்டாமுங்க."

பாப்பாத்தி வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டார். "செரிங்க" என்று ஒரே வார்த்தை. உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை தொடங்கி இரண்டு நாள், பதினெட்டாயிரம் குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மொத்தப் பண்ணையும் என் தப்புக்காகக் குனிந்து நிமிர்ந்தது. கேட்டைத் தாண்டி வந்தவன் என்பதால் எனக்கு அந்த வேலைகூட இல்லை. அறையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நோய் நாலாம் நம்பருக்கு வரவில்லை. பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும், என் யோக்கியதையால் இல்லை.

பிறகு

கேட் திறந்த முதல் ஞாயிறு சபையில் எழுந்து இதே கதையைச் சொன்னேன். ஆமென் ஒன்றும் விழவில்லை. பாஸ்டர் தொண்டையைக் கனைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு மைக் என் பக்கம் அதிகம் வந்ததில்லை. பண்ணையில் எனக்குப் 'பிளீச்சிங் பாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவரின் கீழே தீனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வழக்கம்போல அறை, வழக்கம்போல ஒரு தட்டு. ஆனால் ஜெபத்தில் சொன்னதைத்தான் வெளியிலும் சொன்னேன். அந்த நிம்மதி எனக்குப் புதிது.

மறுபடியும் வேலைக்கு வந்த பாப்பாத்தி மட்டும் என்னோடு பேசவில்லை. குறை சொல்ல மாட்டேன். நான் இருக்கிற பக்கம் வராமலே வேலையை முடித்துவிட்டுப் போவார்.

ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு மத்தியானம் அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பாப்பாத்தி. 

"ரெண்டு நாளா குரோயர் செட்டுக்கு லேயர் தீனியக் கொட்டிப்போட்டேனுங்க. மூட்டை மாறிப்போச்சு. இப்பத்தான் பாத்தேன்."

லேயர் தீனியில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சீக்கிரம் தெரிந்தால் பிழைக்க வைக்கலாம்.

"யாருக்காவது தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. காலிச் சாக்கெல்லாம் கட்டிப் போட்டாச்சு. சும்மா இருந்துக்கலாமுங்க." சேலையில் ஒட்டியிருந்த தீனித் தூசியைத் தட்டினார். "இருக்க முடியலீங்க."

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாமுங்க. நாந்தான் சொல்லோணும். நீங்க பக்கத்துல வந்து நின்னாப் போதும்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கி உங்க பக்கத்துல ஆருமே நிக்கலீன்னு முதலாளி சொன்னாருங்க" என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.  கேட்டருகே வந்ததும் அவர் நின்றார்.

"பயமா இருக்குதுங்க."

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு. வாங்க" என்றேன்.