கீதாரிக்கு நான் போட்ட வேலி

பச்சை நைலான் வலைச் சுருள்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கிராமத்தில் போய் இறங்கிய காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கால்நடை மருத்துவராகச் சேர்ந்த புதிது. வருடந்தோறும் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்திலிருந்து ஆட்டு மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு வருவார் ஒரு கீதாரி. அந்த வருடம் அவருடைய ஆடுகள் ஒருவரின் உளுந்து வயலில் இறங்கிப் பாதியை மேய்ந்துவிட்டன. மந்தை உடனே ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று உளுந்துக்காரர் தாம்தூம் என்று குதித்தார். மந்தையில் பாதி சினையாடுகள். காய்ந்து கிடக்கும் சொந்த ஊருக்கு வெயிலில் நடத்தினால் வழியிலேயே குட்டிகள் போய்விடும். நான்தான் குறுக்கே விழுந்து, ஒரு தரிசு வயலில் வேலி போட்டு, உள்ளேயே தீவனம் கொடுத்துப் பதினைந்து நாள் பார்ப்போம் என்று இரண்டு தரப்பையும் சம்மதிக்க வைத்தேன். படித்த திமிர், வேறென்ன.

கீதாரி வலையைத் தடவிப் பார்த்தார். “வேலி நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. ஆனா ஆடு நடந்துக்கிட்டே திங்கிறதுங்க. நிக்க வெச்சுப் போட்டா மோந்து பாத்துட்டுப் போயிரும்” என்றார். அவர் மனைவிக்கோ வேலி பிடித்துவிட்டது. “இவரு கெடக்காரு. நாங்க ஒரே எடத்துல அடுப்பு மூட்டி எத்தன வருசமாச்சு” என்று அன்றே ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிவிட்டார். மேய்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்துதான் இருக்கும் என்று நினைத்திருந்த நான் அங்கேதான் முதலில் விழித்தேன்.

இரண்டாவது விழிப்பு ஒரு வாரத்தில் வந்தது. எங்கள் பக்கத்தில் இரவில் ஆடுகளை மடக்கும் கிடையை நாளுக்கொரு வயலாக மாற்றிப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயலில் அடுத்த பயிர் கருகருவென்று வரும். விவசாயி மகளாகப் பிறந்தும் எனக்கு அது மறந்துபோயிருந்தது. வேலி போட்டதில் எரு முழுவதும் ஒரே வயலில் விழுந்தது. மற்றவர்கள் திரண்டு வந்தார்கள், முன்னால் உளுந்துக்காரர். “அந்த வயலுக்கு மட்டும் எருவா? என்னோட மூணு மா தரிசு நெலம் சும்மா கெடக்குங்க. மந்தைய எப்ப அங்க அனுப்பப் போறீங்க?” என்று என்னிடமே சண்டைக்கு நின்றார். ஊரைவிட்டு விரட்டச் சொன்னவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கீதாரி நிதானமாகச் சொன்னார்: “வர்றோங்க. அந்த வலைய ஆட்டுக்குப் போடாம உளுந்துக்குப் போடுங்க.”

யாரும் மறுக்கவில்லை. அன்றே வலையைச் சுருட்டினோம். குட்டிகளுக்கென்று ஒரு துண்டை மட்டும் கீதாரியின் மனைவி விடாப்பிடியாக வாங்கிக்கொண்டார்.

இப்போது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பண்ணையில் அடைத்து வளர்த்தால் இந்தத் தகராறு தீராதா என்று மாணவர்கள் கேட்டால், கீதாரியையும் அவர் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன். வலையைச் சுருட்டிய மறுநாள் காலை மந்தை வரப்போரமாக நடந்துபோன காட்சியை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. உளுந்துக்காரர் தன் உளுந்து வயலுக்குள் நின்று வலையை இழுத்துக் கட்டிக்கொண்டே, “கீதாரி, இன்னைக்குக் கெட நம்ம மூணு மாவுலதானே?” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். கீதாரி தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வேலி போட்டது நல்லதாப் போச்சு டாக்டரம்மா. அவுக உள்ள இருக்காக, நாங்க போயிட்டு வர்றோம்.”