சிவந்துபோன காதுகுத்துப் படம்

கலர் பிலிம் பிரிண்டுக்கு வயதானால் சிவந்துபோகும். மற்ற நிறங்கள் வெளுத்துப்போய் சிவப்பு மட்டும் மிஞ்சும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவராவது காதில் போட்டுக்கொள்ளவேண்டுமே! சிவப்பு என்றாலே அழகு என்று நம்முடைய புத்தியில் ஆணி அடித்து வைத்திருக்கிறோம்.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. வீட்டில் ஒரு பழைய எட்டு எம்.எம். புரொஜெக்டர் இருக்கிறது. பழைய சாமான் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவந்து, பெல்ட் மாற்றி, எண்ணெய் போட்டு ஓடவைத்தேன். என் மனைவிக்கு அது சக்களத்தி.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு சின்னச் சுருள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய தாய்மாமா, அக்காவின் காதுகுத்தை எடுத்த படம். அசல் அங்கேயே எங்கோ போய்விட்டது. ஊருக்கு அனுப்பிய பிரிண்ட் இது. காதுகுத்து முடிந்த கொஞ்ச நாளிலேயே அக்காவின் அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கருப்பு வெள்ளை போட்டோ. அதிலும் ஸ்டுடியோக்காரர் டச்சப் செய்கிறேன் என்று முகத்தை மாவாக்கி வைத்திருந்தார்.

"எங்கம்மா என்னா கலருன்னு என் கண்ணால பாக்கணும் தம்பி. அவ்ளோதான்."

அக்கா நல்ல கருப்பு. அவரை வளர்த்த அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, எலுமிச்சைப் பழ நிறம். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான். "உங்கம்மா செக்கச் செவேல்னு இருப்பா. நீதான் யாரு மாதிரி பொறந்தியோ" என்று அத்தை சொல்வதைக் கேட்டுக் கேட்டே அக்கா வளர்ந்தார். இப்போது அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிற இடமெல்லாம் நிறத்தைச் சொல்லித் தட்டிப்போகிறது. "அம்மாகிட்டேர்ந்து எனக்கு ஒண்ணுமே வரல. எம்பொண்ணுக்கும் நான் ஒண்ணும் குடுக்கல" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல்களில் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கினேன். அக்காவோடு அத்தையும் வந்திருந்தார். முட்டிவலியோடு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். படம் ஓட ஆரம்பித்தது. கோயில் மண்டபம், பந்தல், ஜனங்கள், எல்லாம் ஒரே சிவப்பு.

"தா, அதான் உங்கம்மா! பாத்தியா, எவ்ளோ செவப்பு!" என்றார் அத்தை.

"ஆமாங்க, ரோஸ் கலரு" என்று என் மனைவியும் சேர்ந்துகொண்டாள்.

அக்கா முந்தானையை இழுத்துத் தன் கையை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். "படமே செவந்து கெடக்குது! அந்தத் தென்னமரம் கூடத்தான் செவப்பா இருக்குது. அதுக்கும் மாப்புள்ள பாப்பீங்களா?" என்று கத்திவிட்டேன்.

இதற்கென்றே கலர் தாள்கள் வைத்திருக்கிறேன். மேடை விளக்குகளுக்கு முன்னால் வைப்பார்களே, அந்தக் கண்ணாடித் தாள்தான். சிவப்பை அடக்க, புடவைக் கடையில் ராமர் பச்சை என்கிறார்களே, நீலமும் பச்சையும் கலந்த அந்த நிறம் வேண்டும். ஒரு தாளை லென்ஸுக்கு முன்னால் பிடித்தேன். இன்னும் ரோஸாகவே இருந்தது. இரண்டாவதையும் சேர்த்தேன், ஜனங்கள் பச்சைத் தவளை ஆனார்கள். போன நிறத்தைத் தாள் திருப்பிக் கொடுக்காது, கூடுதலாக நிற்கிற சிவப்பைத்தான் கழிக்கும். எங்கே நிறுத்துவது என்று தெரிய, படத்துக்குள் நிச்சயமாக வெள்ளையான ஏதாவது வேண்டும். வேட்டியை நம்பமுடியாது, புது வேட்டிக்கு மஞ்சள் தடவியிருப்பார்கள். அக்காவின் அப்பா நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசியிருந்தார். சுருளைப் பின்னால் சுற்றிவிட்டு, கனத்த தாளை எடுத்து மெல்லிசுத் தாளை மாற்றி, திருநீறு திருநீறாகத் தெரிகிறவரை விடவில்லை. பீங்கானின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன் நான்.

வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. தென்னை ஓலைக்கு லேசாகப் பச்சை வந்தது. அம்மா வந்தார்.

கருப்பு. நல்ல கருப்பு. இடுப்பில் மொட்டைத் தலையோடு குழந்தை. கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எது அம்மா தோள், எது பிள்ளை தோள் என்று பிரித்துச் சொல்லமுடியாத ஒரே நிறம்.

"ஏம்பா, தாள வெச்சி அவளக் கருப்பாக்கிட்டியே!" என்று அத்தை பதறினார்.

"பெரிம்மா, பக்கத்துல தட்டு ஏந்திக்கிட்டு நிக்கறது யாரு? நீங்கதான? ஒங்களுக்கும் அதே தாளுதான். நீங்க கருப்பாவலயே?" என்றேன்.

அத்தை திரையில் நின்ற தன்னைப் பார்த்தார். சுருள் முடிந்து வால் படபடவென்று அடித்தது. நான் லைட்டைப் போட்டேன். அத்தையின் கன்னமெல்லாம் ஈரம்.

"செத்துப்போனவளப் போயி கருப்புன்னு எப்பிடிச் சொல்றது? எங்கம்மா, அதான் அவளுக்கு மாமியாரு, அவள அந்த ஒரு வார்த்தையாலயே வறுத்தெடுத்துது. எனக்கு தெனம் தல பின்னிவுட்டவ அவ. போனதுக்கப்பறமாச்சும் நல்லதா ஒண்ணு சொல்லுவோம்னு செவப்புன்னேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே நல்ல வார்த்தை அது. அதாலேயே பிள்ளையின் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

அக்கா அத்தையோடு சண்டைக்குப் போகவில்லை. அவர் தோளில் கையை வைத்துக்கொண்டே போனை எடுத்து, சென்னையில் வேலை பார்க்கும் மகளைக் கூப்பிட்டார். பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவரைப் போலக் குரல் உயர்ந்தது.

"அடியே, எங்கம்மா கருப்புடி! என்னாட்டம். உன்னாட்டம். எவ்ளோ அழகு தெரியுமா!"