அமாவாசையில் தேர்ந்தெடுத்த குரல்

அமாவாசையன்று எங்கள் ஆரணியில் பட்டுத் தறி ஓட்டமாட்டார்கள். மற்ற நாளில் காதில் விழாத காக்கை, குழாயடிச் சண்டை, பக்கத்து வீட்டுத் தாளிப்பு எல்லாம் அன்றைக்கு வீட்டுக்குள் வந்துவிடும். அப்படி ஒரு அமாவாசைக் காலையில்தான் அம்மாவின் தம்பியான என் மாமா ஒரு சிடியோடு வந்தார். அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை. எனக்குப் பதினொரு வயது.

அந்தக் காலத்துக் கதைப் புத்தகங்களை யார் யாரோ தங்கள் குரலில் படித்து நெட்டில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார் மாமா. அப்பா நம்பவில்லை.

"சும்மா இன்னாத்துக்குக் குடுப்பான்? நாளைக்கு வூட்டு வாசல்ல வந்து நின்னா?"

"ஒருத்தனும் வரமாட்டான். படிக்கறவங்களுக்கு அது ஒரு ஆசை, அவ்ளோதான்."

சிடியில் மூன்று கதைகளின் ஆரம்பம் மட்டும் இருந்தது. முழுக்கதை இறங்க நாலைந்து நாள் ஆகும், அதுவும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில். அதனால் ஒன்றுதான் கிடைக்கும். "சண்ட போட்டு முடிச்சி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

முதல் கதை அப்பா ஆசைப்பட்ட ராஜா கதை. ராஜாவின் தாத்தாவுக்குத் தாத்தா பெயர் வரும்போதே அப்பா கொட்டாவி விட்டார். இரண்டாவது, ஒரு பொல்லாத மாமியாரும் அவளைவிடப் பொல்லாத மருமகளும். படித்தது ஒரு பெண். சன்னமான குரல், கொலுசு மாதிரி. நானும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்து, எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் சிரித்தாள். அம்மாவுக்கு எதுவும் லேட்டாகத்தான் புரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது, கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு வியாபாரியின் கதை. கனமான ஆண் குரல். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இது."

"இன்னாம்மா நீ? அந்தாளு கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி பேசறான்!" என்றேன்.

"பேசட்டும். எனக்கு அதான் வேணும்."

தீபாவளிக்கு என்ன புடவை என்று கேட்டால்கூட "உங்களுக்கு எது புடிக்குதோ" என்கிறவள் அம்மா. அன்று அசையவில்லை.

"அக்கா, மாமியா கதைக்கு ரெண்டு ஓட்டு விழுந்துடுச்சே" என்றார் மாமா.

"ஓட்டாவது கீட்டாவது. ஜல்தியா போயி அத எறக்கு."

நான் அழுதேன். மத்தியானம் சாப்பிடவில்லை. அந்தக் கதையைக் காதால் கேட்கமாட்டேன் என்று சத்தியம்கூடச் செய்தேன்.

ஐந்தாம் நாள் முழுக்கதையும் வந்தது. அப்பா தறியில் உட்கார்ந்தபடி போடச் சொன்னார். நான் வேண்டுமென்றே பழைய சிடியைப் போட்டு மாமியார் கதையை வைத்தேன். தடக் தடக்கென்ற தறிச் சத்தத்தில் அந்தக் கொலுசுக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. கிணற்றுக் குரல்காரரைப் போட்டதும் தறியைத் தாண்டிக்கொண்டு வந்தார். தறி ஓடாத நாளில் கதை தேர்ந்தெடுத்த எங்கள் புத்தி அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

"பாத்தியா, வூட்ல இவ ஒருத்திக்குதான் தறி ஞாபகம் இருந்துகீது!"

அம்மா கெட்டிக்காரி என்று முடிவானது. என் சத்தியமும் அன்றே போயிற்று.

அம்மா நான் பிறந்ததிலிருந்தே பவர்லூம் ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி உட்கார்ந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி ஒரு அத்தியாயம் கேட்பாள். முடிந்ததும் என்னைக் கூப்பிடுவாள்.

"எதுக்க வந்து ஒக்காரு. இன்னா ஆச்சி, நீ சொல்லு."

"நீயுந்தான கேட்டுகினு இருந்த?"

"உன் வாயால கேக்கணும்."

நான் சொல்வேன். கதையில் இல்லாத இரண்டு கப்பல்களைச் சேர்த்து மூழ்கடித்திருக்கிறேன். அம்மா என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பாள், ஒரு தடவையும் கண்டுபிடிக்கவில்லை. எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றது. இந்தக் கதை சொல்வது நிற்கவில்லை.

போன வருஷம் அம்மாவின் உடம்புக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது காதையும் பார்த்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று அந்த நர்ஸம்மா கேட்டார்.

"ஷெட்டுக்குப் போயி நாலஞ்சி வருசத்துலயே. சன்னக் கொரலு ஏறாதும்மா. கனத்த கொரலுதான் கொஞ்சம் கேக்கும். மத்ததெல்லாம் வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவேன்" என்றாள் அம்மா, சாதாரணமாக.

நான் விரல் விட்டு எண்ணினேன். எனக்கு அப்போது ஐந்து வயதுகூட ஆகியிருக்காது.

"ஏம்மா சொல்லல?" என்றேன், அவள் எதிரே போய் உட்கார்ந்து.

"சொன்னா நீங்கல்லாம் கத்திப் பேசுவீங்க. அப்புறம் வூடும் ஷெட்டு மாதிரி ஆயிடும்."

தை மாதம் அம்மா போய்விட்டாள்.

இப்போது நானும் படித்துப் பதிவு செய்கிறேன். மாமாதான் செல்போனில் அதற்கு வழி காட்டினார். எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு படிக்கிறேன். திக்கினால் அழித்துவிட்டு மறுபடி. என் குரலும் சன்னம்தான், அதனால் அடிவயிற்றிலிருந்து இழுத்துப் பேசுகிறேன். மாமா கேட்டுவிட்டு, "இன்னாடி, நீயும் கெணத்துல எறங்கிட்டியா?" என்று சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்குத் தோற்றுப்போன மாமியார் கதையைத்தான் எடுத்திருக்கிறேன். மூன்று அத்தியாயம் முடிந்திருக்கிறது. சிரிப்பு வரும் இடங்களில் கொஞ்சம் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் நிறுத்திப் படிக்கிறேன். எங்கேயோ ஒரு வீட்டில் யாராவது ஒருவர் மற்றவர்களுக்குப் பின்னால் சிரிப்பார். அந்த அமாவாசையில் இந்தக் கதையில் அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது. எங்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தாள். எனக்கு அது தெரியாது, மாமியார் வடையில் உப்பு அள்ளிப் போட்டதற்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.