நைனாவின் துண்டும் என் வரைபடமும்

பேச்சு வராத பிள்ளைகளுக்கும் அடம் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் நடத்தைப் பயிற்சி கொடுக்கும் படிப்பில் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்கத் தத்துவம்தான். மனசுக்குள் என்ன இருக்கிறதென்று ஊகிக்காதே, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. ஒரு செயலுக்குப் பிறகு என்ன கிடைக்கிறதோ, அதுதான் அந்தச் செயலை வளர்க்கும், அல்லது வாட்டும்.

அப்புறம் செய்முறை. வீட்டில் யாரிடமாவது ஒரே ஒரு பழக்கத்தை இரண்டு வாரத்தில் வளர்த்து, வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால்தான் என்னை நம்பி ஒரு குழந்தையை ஒப்படைப்பார்கள். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து தத்துவம்.

நான் நைனாவை, அதாவது என் அப்பாவைப் பிடித்தேன். ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்ததும் ஈரத் துண்டை என் லேப்டாப் மேல்தான் போடுவார். பத்தடியில் கொடி இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் "திமிர்" என்று எழுதினேன். பயிற்சி மேடம் சிவப்பு மையில் அடித்தார்.

"திமிரை நீங்க பாத்தீங்களா? துண்டைத்தானே பாத்தீங்க?"

எங்கள் வீட்டுக்கு வாங்க, திமிரையே காட்டுகிறேன் என்று சொல்ல நாக்கு துடித்தது.

முதல் நாளே அதிசயமாகத் துண்டு கொடியில் தொங்கியது. பாடத்தில் சொன்னபடி உடனே, சத்தமாக, முகமலர்ச்சியோடு பாராட்டினேன். கைகூடத் தட்டினேன்.

"சூப்பர் நைனா! துண்ட எவ்ளோ அழகா போட்டுக்கிற!"

நைனா பேயைப் பார்த்தவர் மாதிரி நின்றார். மறுநாள் ஏரியில் வலை கட்டையில் மாட்டிக் கிழிந்தது.

"கண்ணு வெச்சிட்டியே, பாத்தியா?" என்றார். அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து அவரைச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது.

எங்கள் குப்பத்தில் யாரும் யாரையும் நேருக்கு நேர் பாராட்ட மாட்டார்கள். வலை நிறைய இறால் வந்தாலும் "ஏதோ கொழம்புக்கு ஆவும்"னுதான் சொல்வார்கள். இங்கேயே பிறந்த எனக்கு, நாலு பக்கம் படித்ததும் இது எப்படி மறந்ததோ! நான் விடாமல் பாராட்டினேன். நைனா கொடிப் பக்கமே போகவில்லை. வரைபடத்தில் கோடு தரைதட்டிய படகாகக் கிடந்தது.

அழாத குறையாக மேடத்திடம் நீட்டினேன்.

"செயல் கூடினாத்தான் அது பரிசு. கொறஞ்சா தண்டனை. ஒரு வாரமா அப்பாவுக்குத் தண்டனை குடுத்திருக்கீங்க," என்றார்.

மிச்சம் ஒரு வாரம். நைனா எதற்கு மலர்கிறார் என்று கவனித்தேன். அம்மா திட்டும்போதுதான். "துன்றதுக்கு மட்டும் வந்துடு"னு அவள் கத்தினால், சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவார்.

லேப்டாப்பை ஒளித்து வைத்தேன். வேறு வழியில்லாமல் துண்டைக் கொடியில் போட்டார். நான் மூஞ்சியைச் சுளித்தேன்.

"இன்னா நைனா, கோணலா போட்டுக்கிற? துண்டே போடத் தெரில, நீயெல்லாம் வலை போட்டு…"

நைனாவுக்கு வாயெல்லாம் பல். துண்டை நீவி நேராக்கினார். மறுநாள் லேப்டாப் மேசையிலேயே இருந்தது, துண்டு கொடிக்குப் போனது. நாலாம் நாள் என் துப்பட்டாவையும் சேர்த்துக் காயப்போட்டுவிட்டு, திட்டு வாங்க வந்து நின்றார்.

கோடு ஏறியது. நான் தேறினேன். திங்கட்கிழமை என்னிடம் பயிற்சிக்கு முதல் குழந்தை வருகிறது என்று வீட்டில் சொன்னேன். கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த நைனா தலை நிமிரவில்லை.

"ஏதோ, கழுத கரை சேந்திச்சி."

பத்தாவதில் பள்ளியிலேயே முதலாக வந்தபோதும், "மத்த பசங்கல்லாம் பரீச்சைக்கு வரலியா?" என்றுதான் கேட்டார். அன்றைக்கு அழுதேன். ஆனால் அடுத்த வருஷம் இன்னும் விழுந்து விழுந்து படித்தேன். என்னை வைத்து யாரும் வரைபடம் போடவில்லை, அவ்வளவுதான். அது இப்போதுதான் புரிந்தது.

"வலை தைக்கிற லட்சணத்தப் பாரு," என்றேன்.

நைனா சிரித்துக்கொண்டே வேகமாகத் தைத்தார். நான் உள்ளே போய், யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்தேன்.