கம்போடியாக்கா தேடிய ரெக்கார்டு

கொதிக்கிற தண்ணீரில் ஒரு ரெக்கார்டைப் போட்டால் முதலில் ஒன்றுமே நடக்காது. கறுப்பாக, விறைப்பாக அப்படியே கிடக்கும். பிறகு ஓரம் மட்டும் லேசாக நெளியும். அந்த நேரம் பார்த்து இடுக்கியால் எடுத்து, கவிழ்த்து வைத்த பால் குண்டானின் மேல் போட்டு, துணியால் சுற்றிலும் அழுத்தி, விளிம்பை இதழ் இதழாக மடித்துவிட வேண்டும். ஆறினால் அது பூக்கிண்ணம். எழுபதுகளின் கடைசியில் திருச்சியில் ஷோகேஸ் வைத்த வீடுகளில் இப்படி ஒன்று பிளாஸ்டிக் ரோஜாவோடு இருந்தது. பாலக்கரையில் எங்கள் சந்தில் அதைச் செய்து விற்றவள் நான். அஞ்சாவது முடித்ததோடு வீட்டில் இருந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. கைவேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கீறல் விழுந்த ரெக்கார்டுகளைக் காயலாங்கடை பாய் எனக்கென்று எடுத்து வைப்பார். நடு ஓட்டையை மெழுகால் அடைத்துத் தங்கப் பெயிண்ட் அடித்துவிட்டால் அதில் பாடியது யார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அதே சந்தின் கோடி வீட்டுக்குத்தான் கம்போடியாக்கா குடிவந்தார். அவருடைய வீட்டுக்காரர் எங்கள் ஊர் ராவுத்தர். சின்ன வயதிலேயே கப்பலேறிப் போய் நோம்பென்னில் துணிக்கடை வைத்து, அந்த ஊர்ப் பெண்ணையே நிக்காஹ் செய்துகொண்டவர். அங்கே சண்டை முற்றியதும் கடை, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் உடுத்திய துணியோடு வந்து சேர்ந்தார்கள். அக்காவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். யாரிடமும் மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாதென்று வாங்க, போங்க மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார் போலிருக்கிறது. அக்கா ஆட்டுக்குட்டியை "வாங்க" என்று கூப்பிடுவார். முறத்தில் உட்கார்ந்த காக்கையை "போங்க, போங்க" என்று விரட்டுவார். "காக்காவுக்கு இம்புட்டு மரியாதை குடுத்தா அது பாய் போடச் சொல்லும், அக்கா" என்று சந்துப் பெண்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்காமல் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றது ஒரே ஒரு நாள்தான். கையில் நோட்டுத்தாள் ஒன்று. அதில் பச்சைப் பென்சிலால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வால் நீண்ட ஒரு பறவை, அதன் கீழே சுருள் சுருளாக அவர்கள் ஊர் எழுத்து.

"தங்கச்சி, நீங்க பழைய சாமான் கடைக்குப் போவீங்கதானே? எனக்கு வழி காட்டுங்க. சண்டைக்கு முந்தியே எங்க வீட்டுக்காரங்க ஒரு டிரங்குப் பெட்டியை இங்க அனுப்பினாங்க. அதுல எங்க ஊரு ரெக்கார்டு பத்து இருந்துச்சு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப மதினி தெரியாம எடைக்குப் போட்டுட்டாங்களாம்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்தும் வேணாம். இந்தப் பறவை போட்டது மட்டும் போதும். இதுல என் தங்கச்சி பாடியிருக்காங்க. பதினேழு வயசுல. ஒரே ஒரு பாட்டு. அவங்க அங்கேயே இருந்துட்டாங்க. கடுதாசி இல்ல, போட்டோ இல்ல. இருக்காங்களான்னும் தெரியல."

முந்தைய வருஷம் நவராத்திரிக்கு முன்னால் பாய் கடையிலிருந்து ஒரு சாண் அகலத்தில் சின்னச் சின்ன ரெக்கார்டுகள் ஒரு கட்டு வந்திருந்தது. இந்தச் சுருள் எழுத்தை நான் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

சொல்லியிருக்கலாம். வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். காயலாங்கடை பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "அதெல்லாம் எந்த ஊருக்கோ கைமாறிப் போயிருச்சும்மா. நீங்க வேற கடையில விசாரிங்க" என்று தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காட்டிக்கொடுத்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதன்பிறகு இரண்டு மாதம் அலைந்தோம். பெரிய கடை வீதியில் பழைய சாமான் கடைகள், மைக் செட் கடைகள் எல்லாவற்றிலும் அக்கா அந்தத் தாளை நீட்டுவார். கடைக்காரர்கள் சினிமாப் பாட்டு ரெக்கார்டுகளை எடுத்துப் போடுவார்கள். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கிங்க" என்று அடுக்கி வைப்பார். நான் பின்னால் நின்று பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். எங்கள் சந்தில் என்னை எல்லாரும் புகழ்ந்தார்கள், வாய்பேசாத பிள்ளை எவ்வளவு உதவியாக இருக்கிறது என்று. அந்தப் புகழ்ச்சி எனக்குச் சோற்றில் கல் மாதிரி இருந்தது. ஏனென்றால் எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். அந்தப் பத்தில் ஒன்று கெட்டுப்போனது. ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்து தண்ணீர் போதிய சூடு ஏறாமல், அது ஆழமில்லாத தட்டாக நின்றுவிட்டது. ஓட்டையை மெழுகால் அடைத்ததோடு சரி, பெயிண்ட் அடிக்க மனம் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி மாமி ஒருவர் கொலுவுக்கென்று ஆறு கிண்ணம் வாங்கியபோது அதைச் சும்மா கொடுத்தேன். அதன் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் பச்சையா, நீலமா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பச்சை இல்லையென்றால் மற்ற ஒன்பதோடு அந்தப் பாட்டையும் நான் வேக வைத்து அழித்துவிட்டேன் என்று அர்த்தம்.

கடைசியாகப் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில், ரெக்கார்டு சேர்த்து வைக்கும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். அங்கே பச்சைக் காகிதம் ஒட்டிய ஒன்று இருந்தது. அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். பறவை இல்லை, நாதஸ்வரப் படம். திரும்பி வரும் வழியில் ஒர்க்‌ஷாப் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

"போதும் தங்கச்சி. இனிமே தேடல. உங்களை ரொம்ப அலைய விட்டுட்டேன்."

அந்த நிமிஷம் நான் தப்பித்தேன். இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆயுசுக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அது தெரிந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. "நாளைக்கு ஒரே ஒரு எடம் அக்கா, ஸ்ரீரங்கம்" என்றேன்.

மறுநாள் நவராத்திரியின் மூன்றாம் நாள். டவுன் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது சொன்னேன். சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். தண்ணீர், குண்டான், பெயிண்ட், பாய் கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். பாலம் முடிந்தது. அக்கா மெதுவாகக் கேட்டார்.

"இவ்வளவு நாளா என்கூடவே நடந்தியே, நீ. எப்படி நடந்தே?"

காக்கையைக்கூட அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

மாமி வீட்டுக் கூடத்தில் ஏழு படி கொலு. நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். படிக்குக் கீழே மணலைப் பரப்பி, கேழ்வரகு முளைக்க விட்டு, ஒரு பார்க் போட்டிருந்தார்கள். பார்க்குக்கு நடுவில் குளம். குளத்தில் இரண்டு மண் வாத்து. தண்ணீருக்கு அடியில் பச்சை வட்டம், அதில் வால் நீண்ட பறவை. அக்காவின் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின.

"யாரு, பூக்கிண்ணமா? வாடிம்மா. இவா யாரு, புதுசா இருக்கா?" என்றார் மாமி.

அத்தனை பேர் முன்னால் நான் பேசினேன். என்ன சொன்னேன், எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. மூச்சு வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. மாமிக்கு முகம் வாடிவிட்டது. "அடப் பாவமே. ஆனா கொலுவிலே வெச்சதை நடுவிலே எடுக்கப்படாதேடி. விஜயதசமி கழியட்டும், நானே எடுத்துத் தரேன்" என்றார். அக்கா தலையாட்டினார். கண் மட்டும் குளத்தை விட்டு வரவில்லை. வாண்டுப் பிள்ளைகள் குச்சியால் வாத்துகளைத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. குச்சி அடியில் உரசும்போதெல்லாம் என் பல் கூசியது.

"சரி, வந்தவா ஒரு பாட்டுப் பாடிட்டுப் போங்கோ. பாடினாத்தான் சுண்டல், அது எங்காத்துச் சட்டம்."

நான் அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அக்கா பாடினார். நின்றபடியே, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குளத்தைப் பார்த்துப் பாடினார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. பிள்ளைகள் குச்சியைக் கீழே போட்டுவிட்டன.

"எந்த ஊர் பாஷை இது?"

"கம்போடியாங்க."

"கம்போடியாவா! அங்கே நம்ம பெருமாளுக்கு ஆகாசத்தை முட்டறாப்பல கோவில் கட்டியிருக்கான்னு எங்காத்து மாமா படிச்சுக் காட்டியிருக்காரே!" மாமி சற்று நேரம் கொலுவைப் பார்த்தார். பிறகு குனிந்து வாத்துகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் கேழ்வரகு முளையில் கொட்டி, தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளம் போனது. "பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். சுண்டலை வாங்கிக்கோங்கோ. ஏய் பூக்கிண்ணம், நீ பாடலை, உனக்குக் கிடையாது."

அதைத் தட்டையாக்க வேண்டியவளும் நான்தான். சூடு கொஞ்சம் கூடினால் பாட்டுக் கோடுகள் அழிந்துவிடும், குறைந்தால் உடைந்துவிடும். ஷோகேஸ் கடையில் இரண்டு கண்ணாடி கேட்டு வாங்கி வந்தேன். அக்கா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். ஓரம் நெளியத் தொடங்கியதும் எடுத்து, கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். ஆறுவதற்குள் இரண்டு தரம் எடுத்துப் பார்க்கக் கை போனது. இரண்டு தரமும் அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

மைக் செட் கடையில் போட்டுப் பார்த்தோம். விளிம்பில் நெளிவு போகவில்லை. ஊசி குதித்து வெளியே விழுந்தது. கடைக்காரர் மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. "ஊசி ஒடிஞ்சிரும்மா, விட்டுருங்க" என்றார். குண்டானின் அடியில் படிந்த நடுப்பகுதி வளையாமல் இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. "உள்பக்கமா, காகிதத்துக்குக் கிட்ட வைங்க" என்றேன். அவர் வைத்தார். கரகரவென்று மழை போல ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது. பாட்டின் கடைசிக் கொஞ்சம்தான், அரை நிமிஷம் இருக்கலாம். அக்கா ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது அவருடைய தங்கச்சிதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த ஊர் ரெக்கார்டுகளைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் அலைகிறார்களாம், சண்டையில் முக்கால்வாசி அழிந்துவிட்டதாம், பேத்தி சொன்னாள். என் பங்குக்கு ஒன்பது அழித்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். கிண்ணம் செய்வதை அந்த வாரமே நிறுத்திவிட்டேன். அக்காவின் தங்கச்சியைப் பற்றிக் கடைசி வரை தகவல் வரவில்லை. அக்கா என்னை அதற்குப் பிறகு எப்போதும் "நீ" என்றுதான் பேசினார். சந்தில் என்னை மட்டும்தான். பாசம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது என்ன என்று நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொல்லவில்லை.

பின்னால் அவருடைய வீட்டுக்காரர் ஒரு சின்ன பிளேயர் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து பாட்டைத் தொடக்கத்திலிருந்து தானே பாடுவார். பாடிக்கொண்டே ஊசியை விரலில் தூக்கிப் பிடித்திருப்பார். ரெக்கார்டில் கெடாத இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஊசியை இறக்குவார். மிச்சத்தை அவருடைய தங்கச்சி பாடும். இரண்டு குரலுக்கும் நடுவில் ஒரு கணம் வெறும் கரகரப்பு மட்டும் கேட்கும். வாசற்படியில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளி நான் செய்தது.