வளைவின் கீழ் நடவாத மகன்

கல்லால மரத்தடியில் அமர்ந்து, மௌனத்தாலேயே கல்வி புகட்டிய பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். பங்குனி உத்திர நன்னாளில் நான் கண்ட ஓர் ஊரைப் பற்றியது இது.

டெக்சாஸின் இர்விங் நகரில் உள்ள என் மகன் செந்திலின் வீட்டில் முன்கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். நிலைக்கு மாவிலைத் தோரணம் உண்டு. ஆயினும் நாங்கள் காரோடு கராஜுக்குள் வந்து, அதன் வழியாகவே வீட்டுக்குள் நுழைகிறோம். தென்காசியில் கோபுர வாசல் வழியன்றிக் கோயிலுக்குள் அடிவைத்தறியாத எனக்கு இது இன்னும் பழகவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் செந்தில் படித்த ஊர், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஒரு பழைய கல்லூரி நகரம். வேலை கிடைத்ததும் கடைசிப் பருவத்தை முடிக்காமலே கிளம்பியவன் அவன். அந்தக் குறை தீர, இப்போது வேலைக்கிடையே இணையவழியில் மீதியைப் படிக்கிறான். ஒரேயொரு கட்டுரைதான் பாக்கி. அதற்குமுன் ஊரை எனக்குக் காட்ட விரும்பி, பங்குனி உத்திரத்தன்று அங்கே அழைத்துப்போனான்.

வெண்தூண் மாளிகைகளும், செங்கல் நடைபாதைகளும், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்த டாக்வுட் மரங்களும் கண்ணுக்கு விருந்தாயின. மேட்டுத் தெரு ஒன்றில் ஓர் ஓக் மரம். தான் நிற்கும் மண் அதற்கே சொந்தம் என்று அருகில் கல்லில் பொறித்திருந்தார்கள். தாய்மரம் சாய்ந்தபின் அதன் விதையில் முளைத்த பிள்ளையாம் இது. உரிமையும் பிள்ளைக்கே வந்ததாம். சுவாமி பெயரிலேயே நஞ்சை நிலத்தை எழுதிவைக்கும் நாட்டிலிருந்து வந்தவன் நான். அதை வலம் வந்து கும்பிட்டேன்.

கல்லூரியின் முகப்பில் இரும்பு வளைவொன்று நின்றது. காலணிகளைக் கழற்றிக் கைகூப்பினேன். அவ்வழியே வந்த மாணவி ஒருத்தி நின்று, “ஆர் யூ ஓகே, சார்? ஆர் யுவர் ஷூஸ் ஹர்ட்டிங்?” என்று ஆங்கிலத்தில் பரிவோடு விசாரித்தாள். என் வணக்கம் அவளுக்குக் கால்வலியாகப் பட்டிருக்கிறது. புன்னகைத்துவிட்டு வளைவைக் கடந்தேன். செந்திலோ தூணுக்கு வெளியே விலகிப்போனான்.

“ஏல, நேர் வாசல் இருக்க எங்கல போற?”

“நான் வரமாட்டேன்பா. டிகிரி முடிக்காதவன் இதுக்குக் கீழ போனா, கடைசிவரைக்கும் முடிக்கவே மாட்டான்னு இங்க சொல்லுவாங்க.”

“நான் ராகு காலம் பாத்தா மட்டும் சிரிக்கியே?”

“அது வேற, இது வேற. அடுத்த மாசம் பேப்பர் சப்மிட் பண்ணணும். ரிஸ்க் எடுக்க முடியாது.”

வளைவைத் தவிர்த்து நின்ற அவனது நரைத்த தலையைப் பார்த்து அந்தப் பெண், “ஃபர்ஸ்ட் இயர்?” என்று கேலியாகக் கேட்டாள்.

“சீனியர். வெரி சீனியர்,” என்றான் இவன். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இரும்புக்கு முன்னும் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்குகிறார்கள். கற்பதை இவ்வளவு புனிதமாக மதிக்கும் மண்ணா இது! வந்த வழியே திரும்பினேன். காலணிகளை எடுத்துக்கொண்டு, அவன் கையைப் பற்றி, வாழ்வில் முதன்முறையாக மனமுவந்து பக்கவழியே நுழைந்தேன்.

“நீங்க போலாமேப்பா.”

“நீ முடிச்சிட்டு வா. சேந்தே போவோம்.”

உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தோம். வளைவு தெருவை நோக்கி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றது.

இதைப் படிப்போர் எந்த மண்ணில் இருப்பினும், அவரவர்க்குரிய வாசலில் தலைநிமிர்ந்து நுழையும் நாள் வாய்க்கப் பெருமான் அருள்வானாக.